முப்பத்தெட்டு கிராம்

ஷென்ஜெனில் மழை விடாத ஒரு வியாழன்.
எங்கள் ஹெட்போனும் போட்டிக் கம்பெனியின் ஹெட்போனும்
மேசைமேல் அக்கம்பக்கமாய்.
சத்தம் ஒன்றுதான்.
இரண்டுக்கும் ஸ்பீக்கர் வாங்கியது ஒரே கடையில்:
ஹுவாசியாங்பெய், மூன்றாம் மாடி,
ஆயிரம் உருப்படி ஒரு பொட்டலம்,
பேரம் பேசினால் முறைக்கும் ஒரு பெண்.

முதலாளி லுவோ ஜின்ஹாய்
காபி வாங்கித் தருவதாய்ச் சொல்லி
தெருவில் போன இருபது பேரை அழைத்து வந்தார்.
காதில் மாட்டும் முன்பே
கை முடிவு செய்துவிட்டது.
இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று,
சந்தையில் பூசணி தூக்கிப் பார்ப்பதுபோல.
பதினேழு பேர் கனத்ததைக் கேட்டார்கள்.
எங்களுடையது லேசு.

லுவோ எதுவும் சொல்லவில்லை.
சின்னக் கோப்பைகளில் தேநீர் ஊற்றினார்.
மூன்றாம் சுற்று ஊற்றும்போது,
"ருவான், துத்தநாகம் கிலோ என்ன விலை?"

கொள்முதல் என் வேலை.
எனக்குத் தெரிந்திருந்தது.

டோங்குவானில் ஒரு பட்டறை பிடித்தேன்.
இரண்டு விரல் அகலம், மூன்று மில்லிமீட்டர் தடிமன்,
கை கிழிக்காதிருக்க விளிம்பைச் சாய்க்கச் சொன்னேன்.
காதுக்கு ஒன்றாய் இரண்டு தகடு.
சேர்த்து முப்பத்தெட்டு கிராம்.
அதில் மின்சாரம் ஓடாது. பாட்டுக்கும் அதற்கும் உறவில்லை.
ஆனாலும் வரைபடத்தில் ஒரு பெயர் வேண்டுமே.
ஷி யூகாங் தட்டச்சு செய்தான்: அதிர்வு சமனி.
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

அந்த வருடம் நாலு லட்சம் விற்றது.
'கையில் எடுத்ததுமே தரம் தெரிகிறது'
என்று எழுதியிருந்தார் ஒரு ஜெர்மன்காரர்.
அதைச் சட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டினோம்.
பங்குச்சந்தையில் மணி அடித்த அன்று லுவோ பேசினார்:
"வாடிக்கையாளரின் உள்ளங்கையைக் கேளுங்கள்."
கைத்தட்டல். நானும் தட்டினேன்.
ஊரார் தலைக்கு முப்பத்தெட்டு கிராம் கனம் ஏற்றி விற்றவர்கள்
எங்கள் தலைக்கு எவ்வளவு ஏறியதென்று
நிறுத்துப் பார்க்கவில்லை.

பிறகு போட்டிக்காரன் ஐம்பது போட்டான்.
நாங்கள் அறுபது.
அவன் எழுபத்திரண்டு.
பிறகு ஒரு வசந்தத்தில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில்,
கழுத்து வலித்தது.

புது மாடலுக்கு 'இறகு' என்று பெயர்.
தகட்டை எடுத்தோம்; வேறு ஒன்றும் செய்யவில்லை.
விலை இருநூறு யுவான் கூடுதல்.
வைத்ததற்கும் காசு, எடுத்ததற்கும் காசு.
"மிச்சமிருக்கும் எண்பதாயிரம் தகட்டை
யாருக்காவது தள்ளிவிடு" என்றார்கள்.
தள்ளிவிட்டேன்.
வாங்கியவன் எதற்கென்று சொல்லவில்லை.
எடைக்குத்தான் கொடுத்தேன்.

போன மாதம் லுவோஹூவில் கெட்டில் வாங்கப் போனேன்.
நூற்றுப் பத்து யுவானில் ஒன்று, நூற்றைம்பதில் ஒன்று.
இரண்டுக்கும் ஒரே கொள்ளளவு, ஒரே வாட்.
இரண்டையும் தூக்கிப் பார்த்தேன்.
வேறு யார் செய்தாலும் செய்யலாம், நான்?
ஆனால் என் கை
என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.
"நல்ல தேர்வு அக்கா," என்றான் பையன்,
அதற்குள் பில் போட்டபடி.

வீட்டில் திருப்புளி எடுத்து அடியைக் கழற்றினேன்.
இரண்டு விரல் அகலம்.
சாய்ந்த விளிம்பு.
நான் சொன்ன சாய்வு.

ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிவிட்டு
தகடில்லாத கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.
நாலு நிமிடத்தில் கொதித்தது.
தகட்டோடு எத்தனை நிமிடமென்று
முன்னாலேயே பார்த்து வைத்திருக்கலாம்.
விட்டுவிட்டேன்.

புயலுக்கு மஞ்சள் எச்சரிக்கை.
ஜன்னலோரம் மின்கட்டண ரசீதின்மேல்
தகட்டை வைத்தேன்.
இரவெல்லாம் திரைச்சீலை அடித்துக்கொண்டது.
ரசீது அங்கேயே இருந்தது.